லாஸ் பான்யோஸில் விட்டுவந்த கேசட்

1995 நவம்பர் முதல் வாரத்தில் ஒரு பெரும்புயல் லூசோன் தீவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. உலகத்துக்கு அது ஏஞ்சலா. பிலிப்பைன்ஸ்காரர்கள் தாங்கள் வைத்த பேரால் ரோசிங் என்றார்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். லகுனா ஏரிக்கரையில் தென்னைகள் தலையில்லாமல் நின்றன. மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், புயலுக்காக அது நிற்பதில்லை. பறந்துபோன கூரைத் தகரத்தைத் தேடி எடுத்து ஆணி அடித்த கையோடு, மூங்கில் சிம்பிலும் வண்ணத்தாளிலும் நட்சத்திர விளக்கு கட்டி வாசலில் தொங்கவிட்டார்கள். அந்த டிசம்பரில்தான் இரேசர்ஹெட்ஸ் என்ற ராக் குழு ‘கட்டர்பில்லோ’ என்னும் தன் மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பத்தை வெளியிட்டது.

நான் அப்போது லாஸ் பான்யோஸில் இருந்தேன். மணிலாவுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, மக்கீலிங் மலையின் அடிவாரத்தில், வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது, ஐ.ஆர். ஐம்பது என்று தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் வாயில் புழங்கிய நெல்லெல்லாம் அங்கே பிறந்தவை. எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு ஆய்வுக்காக அந்த ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

நெல்லில் கலப்பு செய்வது கண்ணையும் முதுகையும் வாங்கும் வேலை. ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரியால் நறுக்கி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை ஒரு மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, கதிரைத் தாள் உறையால் மூட வேண்டும். மறுநாள் காலை பத்து மணிவாக்கில் இன்னொரு ரகத்தின் பூ விரியும்போது அதன் மகரந்தத்தை அந்த உறைக்குள் உதிர்க்க வேண்டும். எங்கள் வலைக்கூடத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். அவர்களை எல்லோரும் ‘ஆத்தே’ என்று கூப்பிடுவோம், அந்த ஊரில் அக்காவுக்கு அதுதான் பேர். உறிஞ்சும் பம்ப் ஓயாமல் இரையும். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி அலமாரியில் ஒரு ரேடியோ கத்திக்கொண்டிருக்கும். மணிலாவின் ராக் நிலையமான என்.யு. 107 கரகரப்போடு வரும். புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு தொடங்கினால் ஒரு ஆத்தே கையை நீட்டி பம்ப்பை அணைத்துவிடுவார். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. ஆய்வுக்கூடத்தின் மேற்பார்வையாளர் உட்பட யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஏழு நிமிடத்துக்காக நான் இத்தனை வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன். பாட்டு எங்கும் போய்விடவில்லை, கைபேசியில் விரல் வைத்தால் பாடுகிறது. என் ஏக்கம் பாட்டுக்காக இல்லை. அந்தப் பாட்டு புதிதாக இருந்த நாடு ஒன்று இருந்ததே, அதற்காக.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரேசர்ஹெட்ஸ் 1989-இல் கெசோன் சிட்டியின் டிலிமனில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குழு. ஈலி புவெந்தியா பாடுவார், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவரும் அவரே. ரேமண்ட் மராசிகன் டிரம்ஸ், பட்டி ஸபாலா பேஸ் கிட்டார், மார்க்கஸ் அடோரோ லீட் கிட்டார். இரண்டு கல்லூரிக் குழுக்கள் கலைந்து ஒன்றான கூட்டம் இது. டேவிட் லிஞ்ச்சின் 1977-ஆம் வருடத்துப் படம் ஒன்றின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கிளப் டிரெட், மேரிக்ஸ் போன்ற நெருக்கடியான இடங்களில் வாசித்துப் பழகினார்கள். ஆரம்பத்தில் அவர்களைச் சரியாக வாசிக்கத் தெரியாதவர்கள் என்றே பேசினார்கள். அதனால்தான் மற்றவர்களின் பாட்டைப் பிரதி எடுக்காமல் சொந்தமாக எழுதத் தொடங்கினார்கள் என்பார்கள் அவர்கள்மீது பிரியம் கொண்டவர்கள்.

இந்த நால்வரும் வளர்ந்த காலம் எப்படிப்பட்டது? 1972-இல் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 1986 பிப்ரவரியில் லட்சக்கணக்கான மக்கள் எட்சா நெடுஞ்சாலையில் இறங்கி நின்று அவரை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். புவெந்தியாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவர்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ராணுவச் சட்டம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டால் முதலில் சொல்வது ஒரு கார்ட்டூனைத்தான். ‘வோல்டஸ் ஃபைவ்’ என்ற ஜப்பானிய ரோபோ தொடர் அங்கே தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்டது. 1979-இல், முடிய ஒரு சில பகுதிகளே மிச்சமிருந்தபோது, மார்கோஸ் அதைத் தடை செய்தார். சர்வாதிகாரிக்கு எதிராக எழும் கதை அது. கடைசியில் என்ன ஆனது என்று தெரியாமலே ஒரு நாட்டுக் குழந்தைகள் வளர்ந்தார்கள். 1993-இல் இரேசர்ஹெட்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்கு ‘அல்ட்ராஎலக்ட்ரோமேக்னெட்டிக்பாப்!’ என்று பேர் வைத்தார்கள். அந்த ரோபோவின் ஆயுதப் பெயரிலிருந்து எடுத்தது. அதைக் கேட்டதும் ஒரு தலைமுறை முழுக்க முகம் மலர்ந்தது.

அவர்களுக்கு முந்திய பெரிய பாட்டுகள் பலவும் பாரம் சுமந்தவை. ஃப்ரெடி அகுய்லாரின் ‘அனாக்’ பெற்றோரை உதறிப்போன பிள்ளையைப் பற்றியது. எழுபதுகளின் நாட்டுப்புற ராக் நிலத்தையும் பசியையும் பேசியது. எட்சாவில் கூடிய கூட்டம் தேசத்தைப் பாடியது. இரேசர்ஹெட்ஸ் வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பாடினார்கள். சொந்தமாகக் கார் இல்லாதவன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதைப் பாடினார்கள். பிடித்த பெண்ணின் எதிரில் வாய் திறக்க வராமல் நிற்பவனைப் பாடினார்கள். இதை அற்பம் என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். எனக்கு அது ஒரு பெரிய விடுதலையாகவே பட்டது. கோஷம் போட வேண்டிய கட்டாயம் இல்லாத இளமை ஒரு நாட்டுக்கு எத்தனை காலத்துக்கு ஒருமுறை வாய்க்கும்?

எல்லாம் இலகுவாகவும் நடந்துவிடவில்லை. இரண்டாவது ஆல்பமான ‘சர்க்கஸ்’ 1994-இல் வந்தது. அதில் ‘அலாபாப்’ என்ற பாட்டு போதைப்பொருளைப் புகழ்கிறது என்று செனட்டர் டிட்டோ சோட்டோ தடை கேட்டார். அது சுதந்திரத்தைப் பற்றிய பாட்டு என்று குழு பதில் சொன்னது. அந்தச் சண்டை பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்த சூடு ஆறுவதற்குள் ‘கட்டர்பில்லோ’ வெளிவந்தது.

நான் வாங்கியது கேசட். பல்கலைக்கழக வாசலருகே ஒரு சின்னக் கடையில், அரிசிப் பலகாரத்துக்கும் தொலைபேசி அட்டைக்கும் நடுவே அடுக்கி வைத்திருந்தார்கள். தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகன் என்னைவிட நாலைந்து வயது இளையவன், காட்டியல் படித்தான். என் அறையில் டேப்ரெக்கார்டர் இருந்தது, அவனிடம் கிட்டார் இருந்தது. கார்ட்ஸ் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் அங்கே மலிவு. ஒரு பையன் வாங்கினால் தெருவே அதைப் பார்த்து வாசிக்கும். கேசட்டை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி போட்டு, அவன் விரல்களைக் கம்பியில் தேடவிடுவான். எனக்கு அவர்கள் மொழியான டகாலோக் வந்தது முக்கால்வாசி இந்த வழியில்தான். சந்தையில் பேரம் பேசத் தெரியுமுன்னே காதலில் ஏமாந்தவனின் புலம்பல் எனக்கு மனப்பாடம்.

ஆல்பம் ‘சூப்பர்ப்ராக்ஸி’யில் தொடங்குகிறது. நடுவில் ராப் பாடகர் ஃபிரான்சிஸ் மகலோனா உள்ளே புகுந்து ஒரு நீண்ட ராப்பை மூச்சு விடாமல் பாடுவார். அந்த நாட்டில் ராப்பை வளர்த்த முன்னோடி அவர். ராக் கேட்பவர்களும் ராப் கேட்பவர்களும் தனித்தனி முகாமாக நின்ற காலத்தில் இருவரும் ஒரே மேடையில் ஏறியது சாதாரணம் இல்லை. இன்னும் சில பாட்டுகள் தள்ளி ‘ஓவர்டிரைவ்’. கார் இல்லாதவன் கார் ஓட்டிப் போக நினைக்கும் ஊர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டை நான் ஜீப்னி என்னும் பயணிகள் வண்டியில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஓட்டுநரின் தலைக்குமேல் ஸ்பீக்கர், பக்கவாட்டில் முட்டியோடு முட்டி இடிக்கும் இரண்டு நீள இருக்கைகள். கடைசியில் உட்கார்ந்தவர் கொடுக்கும் காசு கைமாறிக் கைமாறி முன்னே போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். சொந்தக் கார் வாங்குவதைக் கனவிலும் எண்ணிப் பார்க்காத மாணவர்கள் இருபது பேர் அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடியபடி ஏரிக்கரைச் சாலையில் போவார்கள்.

‘டார்பீடோ’, ‘ஹுவாக் மோ நாங் இத்தானோங்’ இரண்டும் எனக்கு இன்னும் நெருக்கம். சொல்ல வராதவனின் பாட்டு ஒன்று, என்னைக் கேட்காதே என்பவனின் பாட்டு இன்னொன்று. ‘புவர்மேன்ஸ் கிரேவ்’ ஏழையின் கல்லறையைப் பற்றியது, ஆனால் மெட்டு அறுபதுகளின் பீட்டில்ஸ் காலத்துத் துள்ளலில் இருக்கும். எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் சில பாட்டுகள் நண்பர்கள் சேர்ந்து சிரிப்பதற்காகப் போட்டவைபோல இருக்கும். அவற்றையும் தள்ளிவிட்டுக் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை. கேசட்டில் அப்படித் தள்ளுவது எளிதும் இல்லை. தயாரித்தவர் ராபின் ரிவேரா, டிலிமனில் கலைப்படிப்பு கற்பித்த ஆசிரியர். மாணவர்களின் குரல் மாணவர்களின் குரலாகவே கேட்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கையை அந்தப் பதிவு முழுக்கக் கேட்கலாம். மெருகேற்றிக் கெடுக்காமல் விட்டிருக்கிறார்.

பிறகு அந்தக் கடைசிப் பாட்டு, ‘ஆங் ஹுலிங் எல் பிம்போ’. எழுபதுகளில் உலகமெங்கும் ஆடப்பட்ட ஒரு நடனத்தின் பெயரில் எழுதியது. பழைய சினிமா நட்சத்திரம் பராலுமனின் சாயல் கொண்ட ஒரு சிறுமி, தன் தோழனான பையனுக்கு அந்த நடனத்தைச் சொல்லித் தருகிறாள். கை தொட்டு, இடுப்பை வளைத்து, இசைத்தட்டு சுழலச் சுழல ஆடுகிறார்கள். வருடங்கள் போகின்றன. அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது, கணவன் இல்லை, மணிலாவின் எர்மிட்டாவில் பாத்திரம் கழுவுகிறாள் என்று அவனுக்குச் சேதி வருகிறது. எர்மிட்டா இரவு விடுதிகளுக்குப் பேர்போன இடமாக இருந்தது. பாட்டு அதற்குமேல் ஒன்றும் விளக்காது, கேட்பவர்களுக்குப் புரியும். ஓர் இரவு இருட்டுச் சந்தில் வண்டி மோதி அவள் இறந்துபோகிறாள். இனிக் கனவில் மட்டும் ஆட்டம். இது வெளிவந்தபோது புவெந்தியாவுக்கு வயது இருபத்தைந்து. அந்த வயதில் ஒருவன் காதலித்தவளைத் தேவதையாக்கி அழலாம், அல்லது அவளை மறந்து போகலாம். அவளுக்கு என்ன நேர்ந்தது, அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வி இந்தப் பாட்டின் அடியில் ஓடுகிறது. அதற்காகவே வலைக்கூடத்துப் பெண்கள் பம்ப்பை அணைத்தார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி மணிலாவுக்குப் போன ஒரு தோழியைத் தெரிந்திருந்தது.

அந்தப் பாட்டின் காட்சிப்படத்தை இயக்கியவர் ஆரேயஸ் சோலிட்டோ. 1997 செப்டம்பரில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த எம்.டி.வி. விருது விழாவில், ஆசிய நேயர்கள் தேர்ந்த படமாக அதற்கு விருது கிடைத்தது. எங்கள் தெருவில் அன்று தகாய் நடந்தது. தகாய் என்றால் ஒரே ஒரு கண்ணாடிக் குவளை, ஊற்றித் தர ஒருவர். அவர் ஊற்றக் குடித்து, குவளையைத் திருப்பித் தர வேண்டும், பிறகு அடுத்தவர். நான் குடிப்பதில்லை என்று தெரிந்ததும் என் முறை வரும்போது அதே குவளையைக் கழுவித் தேங்காய்த் தண்ணீர் ஊற்றித் தருவார்கள். குவளை ஒரு பக்கம் சுற்ற, கிட்டார் மறுபக்கம் சுற்றும். யார் கையில் கிட்டார் வந்தாலும் அவர் ஒரு பாட்டு பாடியாக வேண்டும். என் கைக்கு வந்தபோது எனக்கு வாசிக்கத் தெரியாது, வீட்டுக்காரம்மாவின் மகன் வாசிக்க நான் எல் பிம்போவை முழுக்கப் பாடினேன். ‘பும்பாய்’ என்று இந்தியர்களைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்தும் வழக்கம் அங்கே உண்டு. வட்டிக்குக் கொடுத்து மோட்டார் சைக்கிளில் வசூலுக்கு வரும் பஞ்சாபிகளுக்கும் அங்கே அதுதான் பேர். அந்த இரவுக்குப் பிறகு எங்கள் தெருக் குழந்தைகள் என்னை ‘கூயா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணா என்று.

அந்த மகிழ்ச்சிக்கு அடியில் தரை ஏற்கெனவே நழுவிக்கொண்டிருந்தது. 1997 ஜூலையில் ஆசிய நிதி நெருக்கடி வந்து, டாலருக்கு 26 பெசோ என்றிருந்த மதிப்பு சில மாதங்களில் 40-ஐத் தாண்டியது. டாலரில் உதவித்தொகை வாங்கிய எனக்கு அது வருமானம், என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கு இடி. அந்த வட்டத்தில் குவளை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருவன் ரியாத், ஒருத்தி டொரோண்டோ, கிட்டார் வாசித்தவன் எண்ணெய்க் கப்பல். நான் 1998-இல் ஊர் திரும்பினேன். புறப்படும் நாளில் கேசட்டை அவன் அம்மாவிடம் கொடுத்தேன். அவன் கடலில் இருந்தான். உறையில் டகாலோக் சொற்களுக்கு நான் தமிழில் பென்சிலால் எழுதிவைத்த பொருள் அப்படியே இருந்தது. அது யாரிடம் இருக்க வேண்டுமோ அங்கே விட்டுவந்தேன் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பென்சில் எழுத்தை ஒருமுறை பார்க்கக் கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

2002-இல் புவெந்தியா விலகினார், குழு முடிந்தது. 2008 ஆகஸ்ட் 30 அன்று மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். சில நாள் முன்புதான் புவெந்தியாவின் தாய் இறந்திருந்தார். முதல் பகுதி முடிந்ததும் புவெந்தியாவையே மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று, நிகழ்ச்சி பாதியில் நின்றது. விட்ட பகுதியை நிறைவு செய்ய 2009 மார்ச் 7-ஐக் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள் ஃபிரான்சிஸ் மகலோனா ரத்தப் புற்றுநோயில் காலமானார். ‘சூப்பர்ப்ராக்ஸி’யைத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தத் தேதிதான் முதலில் வருகிறது. 2010 நவம்பரில் என்.யு. 107 ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. 2017 முதல் பழைய ஜீப்னிகளை ஓரங்கட்டும் அரசுத் திட்டம் நடக்கிறது. புதிய வண்டிகள் குளிரூட்டப்பட்டவை, பாதுகாப்பானவை. காசு கைமாறிப் போவதில்லை.

2018-இல் இவர்கள் பாட்டுகளை வைத்து ‘ஆங் ஹுலிங் எல் பிம்போ’ என்ற பேரிலேயே ஓர் இசை நாடகம் மணிலாவில் மேடையேறியது. 2020 மே மாதம், உலகம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, அதன் பதிவை இணையத்தில் இலவசமாகக் காட்டினார்கள். கோவையில் என் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். அதே வாரம் அந்த நாட்டின் பெரிய தொலைக்காட்சி நிறுவனமான ஏ.பி.எஸ்.-சி.பி.என்.னின் ஒளிபரப்பு அரசு உத்தரவால் நின்றுபோயிருந்தது. அதே நிறுவனத்தை 1972-இல் ராணுவச் சட்டம் ஒருமுறை மூடியிருந்தது. நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு ஒன்று விளங்கியது. நான் இருந்த ஊர் ஓர் இடைவெளிக்குள் இருந்திருக்கிறது. ஒரு பூட்டுத் திறந்து, அடுத்தது பூட்டப்படுவதற்குள் கிடைத்த நேரம். ‘கட்டர்பில்லோ’ அந்த நேரத்தில் பாடப்பட்டது. அதனால்தான் அதில் பயமே இல்லை.

2021 செப்டம்பரில் யாரோ புவெந்தியாவிடம் மறுபடி சேர்வீர்களா என்று கேட்டார்கள். லெனி ரோப்ரெடோ அதிபர் தேர்தலில் நின்றால் சேர்வோம் என்றார். ரோப்ரெடோ நின்றார், 2022 மே மாதம் தோற்றார். வென்றவர் மார்கோஸின் மகன். ஆனாலும் அந்த டிசம்பர் 22-இல் நால்வரும் மேடை ஏறினார்கள். என் தலைமுறைப் பிலிப்பினோக்கள் பலர் விமானம் ஏறி வந்தார்கள் என்று படித்தேன். அவர்கள் தேடி வந்தது தங்கள் இருபது வயதை மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அப்பா மார்கோஸுக்கும் மகன் மார்கோஸுக்கும் நடுவில், பஸ் வரவில்லை என்பதே பெரிய துயரமாக இருந்த அந்தச் சில வருடங்களைத் தேடி வந்தார்கள். எனக்கும் அதேதான். அந்த நாட்டின் குடிமகனாக இல்லாமலே அந்த வருடங்களில் எனக்கு ஒரு பங்கு கிடைத்தது. அந்தப் பங்கை என்ன செய்வது, யாரிடம் பேசுவது என்று கோவையில் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டால் பிள்ளைகள் நல்ல மெட்டு என்கிறார்கள்.

அந்தக் கச்சேரிக்கு வலைக்கூடத்து ஆத்தே ஒருவர் போயிருந்தார். பம்ப்பை அணைத்தவர் அவர்தான். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. ரியாத்தில் நர்ஸாக இருக்கும் மகள் விடுமுறையில் வந்து டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போயிருக்கிறாள். மறுநாள் வீடியோ அழைப்பில் வந்தார். மேடை ரொம்ப தூரம் என்றார். கூட்டம் போட்ட சத்தத்தில் குழு பாடியது சரியாகக் கேட்கவே இல்லை, அதனால் என்ன, நாங்களே பாடிக்கொண்டோம் என்றார். உனக்குப் பாட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது ஆத்தே என்றேன். நம்பாமல் பாடச் சொன்னார். பாடினேன். நடுநடுவே நிறுத்தி உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தார், முன்பு செய்த மாதிரியே. மகள் பின்னாலிருந்து பெட்டி கட்ட நேரமாகிறது என்று குரல் கொடுத்தாள். இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கிறது, பொறு என்றார் அம்மா.